கோதை கேட்ட துவக்கு

"என்னை ஆரோ பொலிஸுக்குச் சொல்லிப்போட்டினம்," என்றாள் கோதை. "ஆரெண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கதிரையைக் காட்டியும் அவள் இருக்கவில்லை. முப்பது வயது சொல்லலாம். வால்தம்ஸ்டோவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அழுது வீங்கிய முகங்களைப் பார்த்துப் பழகிய அந்த அறைக்கு இந்த முகம் புதிது.

அறை வத்சலாவுடையது. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், நகைக்கடைக்கு மேல்மாடி. சொலிசிற்றர்களுக்கும் கோர்ட்டுக்கும் வருடக்கணக்கில் தமிழை ஆங்கிலமாக்கிக் கொடுத்தவள் வத்சலா. சனங்கள் சொல்வதையும் சொல்லாமல் விழுங்குவதையும் கேட்டுக் கேட்டே துப்பறிகிற தொழிலுக்கு வந்தவள். அவளுடைய உதவியாளன் பெனடிக்ற் மன்னார்க்காரன். மினிகாப் ஓட்டுகிறவன். காருக்கு பிரேக் உண்டு, வாய்க்கு இல்லை.

"பொலிஸ் ஏன் உங்களைத் தேடினது?" என்று கேட்டாள் வத்சலா.

"தேடேல்லை. நான்தான் போனனான். துவக்கு லைசென்ஸ் கேட்டு."

பெனடிக்ற் தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான். "தங்கச்சி, எங்கட சனம் துவக்குக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தது. நீங்கள் என்னெண்டால் லைசென்ஸ் கேட்டுப் போயிருக்கிறியள்."

"ஓம், போனனான். ஊரில துவக்கின்ர முன்பக்கத்தை மட்டும்தான் பாத்தனான். பின்பக்கத்தில இருந்து பாத்தால் என்ன தெரியும் எண்டு அறிய ஆசை வந்தது. என்ன தெரிஞ்சது தெரியுமோ? ஒரு கடதாசி. அதில ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான்."

பெனடிக்ற் கதிரையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தான்.

மற்றதை அவள் நின்றபடியே சொன்னாள். வேலைத்தலத்துக்குப் பக்கத்தில், ரயில் பாலத்து வளைவுக்குள் ஒரு றைபிள் கிளப். ஒரு மாலை வேலை முடிந்து சும்மா எட்டிப் பார்த்தாள். அடுத்த மாதம் உறுப்பினர். இரண்டு வருடமாகக் கிளப்பின் பழைய றைபிளை இரவல் வாங்கிச் சுட்டாள். இந்தக் குளிர்காலத்தில் கிளப் அணியில் இடம் கிடைத்தது. இரவல் றைபிள் ஒவ்வொரு கிழமையும் வேறொருவருடைய தோளுக்கு ஏற்றமாதிரி மாற்றப்பட்டு அவள் கைக்கு வரும். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று விண்ணப்பித்தாள். கலிபர் என்கிற குழல் அளவில் மிகச் சிறியதான பொயின்ற் டூ-டூ, இலக்குச் சுடுவதற்கு மட்டும் என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தாள்.

"நேற்று லைசென்ஸ் பிரிவு சார்ஜன்ற் ஹோல்ட் கூப்பிட்டவர். நீ எழுதித் தந்தது ஒண்டு, கடையில கேட்டது வேற ஒண்டெண்டு சொன்னார். டூ-டூ-த்ரீ கேட்டனானாம். அது இராணுவம் பாவிக்கிற சாதி. ஆரோ பொம்பிளை அவரின்ர மேசை ஃபோனுக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறா. பேர் சொல்லேல்லையாம்."

"நீங்கள் அதைக் கேட்டனீங்களோ?"

"இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டை வாறார். அவருக்கு நம்பிக்கை வரேல்லை எண்டால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் மறுத்தால் கிளப்பும் வெளியால போகச் சொல்லும். அடுத்த வருஷம் நான் விசா புதுப்பிக்க வேணும். 'பொய் சொல்லித் துவக்கு வாங்கப் பாத்த தமிழ்ப் பொம்பிளை' எண்டு ஹோம் ஒபிஸ் ஃபைலில இருந்தால் எப்பிடி இருக்கும்?"

"ஆரில சந்தேகம்?"

"ட்ரென்ட். கிளப் கப்டன். நான் அணிக்குள்ள வந்தது அவரின்ர இடத்துக்கு. நான் சேர்ந்த அண்டைக்கே, 'உங்கட நாட்டில பழக நிறைய இடம் இருக்கும்தானே' எண்டு கேட்ட மனிசன். சார்ஜன்ற்றின்ர நேரடி நம்பர் அவரிட்ட இருக்கு. பெண்சாதியைக் கொண்டு எடுப்பிச்சிருப்பார்."

"ஒருவேளை விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்தால் பிரச்சினை முடிஞ்சிடும்," என்றாள் வத்சலா, அவள் முகத்தையே பார்த்தபடி.

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகினம். நான் எடுக்கமாட்டன்."

வத்சலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பெனடிக்ற், காரை எடு. எனக்கொரு துவக்கு வாங்க வேணும்."

"அக்கா, எங்களிட்ட இருக்கிற காசு ஃபோன் பில்லுக்குத்தான் காணும்."

"அப்ப மலிவா ஒண்டு பாப்பம்."

---

துவக்குக் கடை வால்தம்ஸ்டோவில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. ஒரு பக்கம் தையல் மெஷின் திருத்துகிறவர், மறுபக்கம் சவப்பெட்டிக்காரர். "ஒழுங்கு சரிதான்," என்று முணுமுணுத்தபடி பெனடிக்ற் உள்ளே போனான்.

கடைக்காரி மிஸஸ் கிரிம்ஸ். வெள்ளைக்காரி, அறுபது இருக்கும். கம்பளிச் சட்டையின் கைகளை மடித்துவிட்டிருந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

"பெரிசா ஒன்று பார்க்கிறேன்," என்றான் பெனடிக்ற், நெஞ்சை நிமிர்த்தி.

"எவ்வளவு தூரத்துக்குச் சுடுவீர்கள்?"

"தூரம் இன்னும் முடிவாகவில்லை."

"அப்படியென்றால் கலிபரும் முடிவாகாது," என்றாள் மிஸஸ் கிரிம்ஸ். "முதலில் தூரம். பிறகு கலிபர். கடைசியில்தான் துவக்கு. கிளப்புகளின் உள்ளரங்கில் சுடுகிறவருக்கு டூ-டூ போதும். தோள் நோகாது, தோட்டா மலிவு, ஒரு மாலை முழுக்கச் சுட்டாலும் வீட்டுக்குப் போக பஸ்காசு மிஞ்சும். பெரிய கலிபருக்கு வெளி மைதானம் வேண்டும், சரே பக்கம் போகவேண்டும். அதை வாங்குகிறவர்கள் துவக்கை ஒரு தடவை வாங்குகிறார்கள். தோட்டாவை ஆயுள் முழுக்க வாங்குகிறார்கள்."

"கலியாணம் மாதிரி," என்றான் பெனடிக்ற்.

மிஸஸ் கிரிம்ஸ் சிரிக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டாள்.

வத்சலா தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னாள். கோதை என்ற பெயரைக் கேட்டதும் கடைக்காரி உள்ளே போய் ஒரு றைபிளைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினாள். தோளில் பதிக்கிற மரக்கட்டை ஒருமுறை பிளந்து ஒட்டப்பட்டிருந்தது. வார்னிஷ் தேய்ந்துபோயிருந்தது.

"இதைத்தான் எடுத்துவைக்கச் சொன்னாள். லைசென்ஸ் வந்தால்தான் கொடுப்பேன். முதலில் ஃபோனில் விசாரித்தாள். அந்தச் சனிக்கிழமை வந்து, நான் ஒதுக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தாள். ஒன்று புதிது, பளபளப்பானது. அதற்கு அவளிடம் காசு இல்லை. இன்னொன்று அழகு, ஆனால் பாரம் குறைவு, கையில் நிற்காமல் ஆடும். இது அவலட்சணம்." மிஸஸ் கிரிம்ஸ் போல்ட்டின் குமிழைப் பிடித்துப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினாள். ஒவ்வொரு வெடிக்கும் அப்படிக் கையால் இழுத்துத் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்றவேண்டும். அது எண்ணெயில் போவதுபோலச் சத்தமில்லாமல் போய்வந்தது. "குழல் கனம், உள்ளே பழுதில்லை. கட்டையைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அவள் குழலுக்குள்ளே பார்த்தாள்."

"டூ-டூ-த்ரீ கேட்டாளா?"

"அதை நான் விற்பதேயில்லை. இந்தத் தெருவில் அது யாருக்கு வேண்டும்?"

"அவள் முதலில் ஃபோன் எடுத்தபோது என்ன சொன்னாள்? நினைவிருந்தால் அப்படியே சொல்லுங்கள்."

மிஸஸ் கிரிம்ஸ் யோசித்தாள். "போல்ட் வைத்த பழைய றைபிள் இருக்கிறதா என்று கேட்டாள். என்ன கலிபர் என்றேன். 'டூ-டூ' என்றாள். நல்லதாக ஆறேழு இருக்கிறது, வந்து பார்க்க எத்தனையை ஒதுக்கிவைக்க என்று கேட்டேன். 'த்ரீ' என்றாள்."

வத்சலா கையை உயர்த்தினாள். "உங்கள் கேள்விகளை விட்டுவிட்டு, அவள் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள்."

"டூ-டூ," என்றாள் கடைக்காரி. சற்று நின்றாள். "த்ரீ."

முக்காலியில் இருந்த பெனடிக்ற் எழுந்துவிட்டான். "அக்கா," என்றான் தமிழில், "அவள் ஃபோன் எடுக்கேக்க பக்கத்தில நிண்டவைக்கு அது மட்டும்தான் கேட்டிருக்கும்."

---

ட்ரென்ட்டை அவர்கள் கிளப்பில் பிடித்தார்கள். பாலத்துக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் வளைவின் செங்கல் அதிர்ந்தது. மனிதர் நிலத்தில் பாய் விரித்து முழங்காலில் நின்று, றைபிளின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நீண்ட முகம், சவரக் காயம்.

"இரகசியமாக யாரைப் பற்றியாவது பொலிஸுக்குச் சொன்னீர்களா?" என்று நேரடியாகவே கேட்டாள் வத்சலா.

"அவளைப் பற்றியா?" அவர் எழுந்தார். "எனக்கு அவளைப் பிடிக்காது. அது இரகசியமில்லை. ஆனால் டூ-டூ-த்ரீ என்று நான் ஏன் சொல்லவேண்டும்? அந்தச் சுவரைப் பாருங்கள். டூ-டூவைத்தான் அது தாங்கும். இங்கே அவள் அதைச் சுட்டால் குண்டு பின்வீட்டுக் குளியலறையில் போய் நிற்கும். அவளைத் தெரிந்த எவனும் அதை நம்பமாட்டான். பொய் சொல்வதென்றால் இதைவிட நல்ல பொய் எனக்குத் தெரியும்."

"உங்கள் இடத்தை அவள்தானே எடுத்தாள்?"

"எடுத்தாள். நியாயமாக எடுத்தாள். நேற்று அந்த சார்ஜன்ற் எனக்கும் ஃபோன் பண்ணினார். லைசென்ஸ் கொடுக்கலாம், நான் பொறுப்பு என்று சொன்னேன்."

"பிடிக்காதவளுக்கா?"

ட்ரென்ட் வாரை இறுக்கினார். "நான் அவளை வெல்லவேண்டும். கதவுக்கு வெளியே நிற்கிற ஒருத்தியை வென்று எனக்கென்ன ஆகப்போகிறது?" பிறகு பாயில் குப்புறப் படுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

வெளியே மழை தூறியது. காருக்குள் ஏறியதும் பெனடிக்ற் சொன்னான், "அந்தாள் வில்லனாயிருந்தால் எங்கட வேலை சுகம். வில்லனுக்குரிய மூஞ்சையும் வீணாப் போச்சு."

"கோர்ட்டில மொழிபெயர்க்கேக்க நான் ஒண்டு பழகினனான்," என்றாள் வத்சலா. "விஷயம் தெரிஞ்ச சாட்சி கேட்டதைத் திருத்திச் சொல்லும். தெரியாத சாட்சிதான் கேட்டதைக் கேட்டபடியே ஒப்புவிக்கும். துவக்குத் தெரிஞ்ச ஆள் 'டூ-டூ', 'த்ரீ' எண்டு கேட்டால், மூண்டு டூ-டூ எண்டு விளங்கியிருக்கும். இந்தப் பொம்பிளைக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது. காதில விழுந்ததை ஒட்டிச் சொல்லியிருக்கிறா. பயந்தது விளக்கம் தெரிஞ்ச சார்ஜன்ற்தான்."

"அப்ப சொன்னவ பொய் சொல்லேல்லை."

"இல்லை. ஆனால் கோதை கதைக்கேக்கை பக்கத்தில நிண்டிருக்கிறா. சார்ஜன்ற்றின்ர மேசை நம்பரும் அவவிட்ட இருந்திருக்கு."

பெனடிக்ற் காரைக் கிளப்பினான். கண்ணாடித் துடைப்பான் போய்வந்தது.

"கண்ணாடிக் கடைக்கு விடு," என்றாள் வத்சலா. "அவள் ஃபோன் எங்கயிருந்து எடுத்தவள் எண்டு கேப்பம். எனக்கெண்டால் கேக்க விருப்பமில்லை."

கோதை கடை வாசலுக்கு வந்து வத்சலாவின் கேள்விக்குக் காது கொடுத்தாள். முதலில் சாதாரணமாகவே பதில் சொன்னாள். "வீட்டில இருந்துதான். ஹோலில ஃபோன். அத்தான் ஷிப்ட்டில. அக்கா குசினியில சமைச்சுக்கொண்டு..."

கையில் இருந்த மழைக்கோட்டை அவள் போட்டுக்கொண்டாள்.

"சார்ஜன்ற் முதல்முறை நாள் குறிக்க வீட்டை எடுத்தவரோ?" என்று மெல்லக் கேட்டாள் வத்சலா.

"ஓம். அக்காதான் எடுத்து நம்பரைக் கலண்டரில எழுதி வச்சவ." கோதை மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். பிழையாகப் பூட்டினாள். "வாங்கோ. இப்பவே போவம்."

---

ஈஸ்ட் ஹாமில் இரண்டு மாடி வீடு. கோதை மேலறையில் வாடகைக்கு இருந்தாள். கீழே அவளுடைய அக்கா தவநாயகியும் அத்தான் யோகலிங்கமும். கதவைத் திறந்த தவநாயகி மூன்று முகங்களையும் பார்த்தாள். தங்கையின் முகத்தில் கண் நின்றது.

"நான்தான்," என்றாள், ஒருவரும் கேட்க முதல். "உள்ள வாங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

பெனடிக்ற் சப்பாத்தைக் கழற்றினான்.

"ஏன் அக்கா?" என்றாள் கோதை.

தவநாயகி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஊரில என்ர மூத்தவன் கொண்டுவந்த துவக்கு அரிசி மூட்டைக்குப் பின்னால இருந்தது. நான் கண்டனான். கண்டும் வாயைத் திறக்கேல்லை. திறந்தால் பிள்ளைக்குக் கோபம் வரும் எண்டு பயம். ஆறு மாதத்தில அவனைக் கொண்டுவந்து முற்றத்தில கிடத்தினாங்கள். துவக்கை மட்டும் வேற ஒருத்தன் கொண்டுபோனான். இந்தமுறை வாயைத் திறந்தனான். திரும்பவும் நடந்தால் திரும்பவும் திறப்பன்."

"அவன் ஒளிச்சவன். நான் ஒளிச்சனானோ? ஹோலில நிண்டு கதைச்சனான். உங்களுக்குக் கேக்கட்டும் எண்டுதான் கதைச்சனான்."

"கேட்டது. கேட்டதைத்தான் சொன்னன்."

"என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீ நிப்பாட்டியிருப்பியோ?"

"இல்லை," என்றாள் கோதை.

"பேந்தென்ன?"

அக்காவுக்கும் தங்கைக்கும் நாடி ஒரே மாதிரி என்பதை வத்சலா அப்போதுதான் கவனித்தாள். இரண்டும் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தன.

வத்சலா நடந்ததை விளக்கினாள். டூ-டூ ஒரு கேள்விக்குப் பதில். த்ரீ இன்னொரு கேள்விக்கு. ஒட்டினால் அது படைக்காரன் தூக்குகிற சாமான். தவநாயகி கவனமாகக் கேட்டாள். இரண்டாம் தரம் விளக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எது பெரிசு எது சின்னன் எண்டு எனக்குத் தேவையில்லை," என்றாள் கடைசியில். "எல்லாத்தாலயும் ஓட்டை விழும்."

"ஓம் அக்கா," என்றாள் கோதை. "கடதாசியில விழும். நான் அந்தக் கடதாசியை வீட்டை கொண்டுவந்து உங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டனான். இனிக் காட்டமாட்டன். உங்களிட்ட அனுமதி கேக்கவும் மாட்டன். ஆனால் துவக்கு இந்த வீட்டுக்குள்ள வராது. அது உங்களுக்காக."

அவள் மேலே போய்க் கதவைச் சாத்தினாள். தவநாயகி குசினிக்குள் போனாள். கூடத்தில் வெறுங்காலுடன் நின்ற பெனடிக்ற், "அக்கா, இந்தக் கேஸில ஆரைப் பிடிச்சுக் குடுக்கிறது?" என்று வத்சலாவின் காதுக்குள் கேட்டான்.

"ஒருத்தரையும் இல்லை. சப்பாத்தைப் போடு."

---

வெள்ளிக்கிழமை பின்னேரம் சார்ஜன்ற் ஹோல்ட் வந்தார். கனத்த உடம்பு, நனைந்த தொப்பி. வத்சலா இரண்டு சொற்களுக்கு நடுவில் இருந்த கேள்வியை எடுத்து வைத்தாள். கடைக்காரியிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். அவர் ஏற்கனவே கேட்டுவிட்டதாகச் சொன்னார்.

"ஆனால் ஃபோன் எடுத்த பெண் யார் என்று எனக்குத் தெரியவேண்டும்," என்றார். "பகையாக இருந்தால் ஒரு கதை. உண்மையான பயமாக இருந்தால் இன்னொரு கதை."

கோதை வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. வத்சலாவும் சும்மா இருந்தாள்.

குசினி வாசலில் இருந்து தவநாயகி வந்தாள். தேத்தண்ணித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் குரல் உடையாமல் சொன்னாள்: "நான் எடுத்தேன். அவள் டூ-டூ சொன்னாள். நிறுத்தினாள். பிறகு த்ரீ சொன்னாள். நிறுத்தினதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அது என் பிழை. எனக்குத் துவக்கு பிடிக்காது, இனியும் பிடிக்காது. ஆனால் என் தங்கை பொய் சொல்லமாட்டாள். சின்ன வயதிலேயே சொல்லமாட்டாள். அதனால் எத்தனை அடி வாங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும்."

கோதை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"துவக்கு எங்கே இருக்கும்?" என்று கேட்டார் சார்ஜன்ற்.

"கிளப்பின் இரும்பு அலுமாரியில்," என்றாள் கோதை. "கப்டன் ஒரு தட்டு ஒதுக்கித் தந்திருக்கிறார்."

"இந்த வீட்டில் இல்லை," என்றாள் தவநாயகி. "எழுதுங்கள்."

அவர் எழுதினார்.

---

லைசென்ஸ் ஏப்ரலில் வந்தது. அவலட்சணமான அந்த றைபிளை மிஸஸ் கிரிம்ஸ் ஒரு பழைய கம்பளியில் சுற்றிக் கொடுத்தாள். கூலி வாங்க மறுத்த வத்சலாவுக்குக் கோதை ஒரு பயிற்சி மாலைக்கு அழைப்புக் கொடுத்தாள். பெனடிக்ற்றும் ஒட்டிக்கொண்டான்.

அன்றைக்கு ட்ரென்ட் இரண்டு புள்ளியால் வென்றார். கையை நீட்டினார். கோதை அதைப் பிடித்துக் குலுக்கி, "அடுத்த கிழமை," என்றாள். ட்ரென்ட் தலையாட்டினார். வென்ற முகத்தில் நிம்மதியைக் காணவில்லை.

மூவரும் வெளியே வந்தபோது பாலத்துக்கு எதிர்ப்பக்கம், பஸ் தரிப்பிடத்துக் கூரையின் கீழ், பச்சைச் சால்வையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தவநாயகி நின்றாள். கைகளைக் கக்கத்துக்குள் வைத்திருந்த மாதிரியைப் பார்த்தால் கனநேரமாக நின்றிருக்கவேண்டும்.

கோதை தெருவைக் கடந்து போனாள். "ஏன் அக்கா இஞ்ச நிக்கிறியள்?"

"நிக்கிறன்."

"உள்ள வாங்கோ. தேத்தண்ணி குடிக்கலாம்."

"உள்ள வரமாட்டன்."

"அப்ப வீட்டை போங்கோ. குளிருது."

"அதுவும் மாட்டன்." தவநாயகி தங்கையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள், கை, கால் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுகிறவள்போல. "நீ ஒவ்வொரு கிழமையும் சுடுறதெண்டால் சுடு. ஒவ்வொரு கிழமையும் நான் இதில வந்து நிப்பன். நீ உள்ளுக்குப் போன மாதிரியே வெளியில வாறியோ எண்டு நான் பாக்கவேணும்."

"மழை பெஞ்சால்?"

"பெய்யட்டும்."

பெனடிக்ற் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வத்சலா அவன் கையைப் பிடித்துக் கார்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் ஏறி, ஒரே இருக்கையில் இருந்தார்கள்.